விருந்தினர் போனில் உங்கள் பிரிண்டர் தெரிகிறதா?

கேள்வி: ஏற்காட்டில் எட்டு அறை காட்டேஜ் நடத்துகிறேன். ஒரே ஃபைபர் இணைப்பு, ஒரே வைஃபை. தங்க வருபவர்களுக்கும் அதே பாஸ்வேர்டுதான். போன வாரம் ஒருவர், "உங்க ஆபீஸ் பிரிண்டர் என் போன்ல காட்டுதே" என்றார். பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா? கேமரா போட்டுத் தந்தவரோ, நாற்பதாயிரத்துக்கு ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குக் காவல் வைக்கும்) பெட்டி வாங்கச் சொல்கிறார்.

பதில்: போதாது. புதுப் பாஸ்வேர்டையும் நாளைக்கு வருகிறவரிடம் சொல்லத்தானே போகிறீர்கள்? நாற்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியும் உங்களுக்குத் தேவையில்லை.

பிரிண்டரை விடுங்கள். அது தெரிகிறது என்றால் ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் கேமரா டிவிஆரும் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) அதே நெட்வொர்க்கில்தான் கிடக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டரில் தங்கியவர்களின் ஆதார் நகல்கள் இருக்கும். மேனேஜர் அறையிலிருந்தும் பார்க்கலாமே என்று அந்த ஃபோல்டரை 'எவ்ரிஒன்' (யார் வேண்டுமானாலும் திறக்கலாம்) என ஷேர் செய்து வைத்திருந்தால், அந்த ஷேரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வைஃபையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மலையில் எல்லா வளைவிலும் செல்போன் சிக்னல் கிடைப்பதில்லை. நெட் இல்லாத அறையை இப்போது யார் எடுக்கிறார்கள்? வேலை நடக்கட்டும், விருந்தினர் நெட்வொர்க்கையும் ஆபீஸ் நெட்வொர்க்கையும் பிரித்தால் போதும். அதற்குச் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்குங்கள். சேலத்தில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கே நல்லதாகக் கிடைக்கும்.

இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். புதுப் பெட்டியை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு, ஆபீஸை, கம்பெனி மாட்டிவிட்டுப் போன பழைய ஃபைபர் பெட்டியிலேயே வைத்துக்கொள்கிறார்கள். லைன் வந்து சேரும் ஃபைபர் பெட்டி முன்னால், அதிலிருந்து கேபிள் எடுக்கும் புதுப் பெட்டி பின்னால். பின்னால் இருக்கும் பெட்டியிலிருந்து முன்னால் இருப்பதை எட்டலாம். முன்னாலிருந்து பின்னால் போக முடியாது. ஆகவே விருந்தினர் ஃபைபர் பெட்டியில், ஆபீஸ் கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவிஆர் மூன்றும் புதுப் பெட்டியில். ஃபைபர் பெட்டியின் லேன் (LAN, நெட் வெளியே போகும்) துளையிலிருந்து வரும் கேபிளைப் புதுப் பெட்டியின் 'வேன்' (WAN, நெட் உள்ளே வரும்) துளையில் சொருக வேண்டும். புதுப் பெட்டியின் லேன் துளையில் சொருகினாலும் நெட் வரும். ஆனால் இரண்டும் பழையபடி ஒரே நெட்வொர்க் ஆகிவிடும், பிரித்ததாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பீர்கள். இரண்டு பெட்டியும் 192.168.1 என்று தொடங்கும் ஐபி எண்ணையே (ஒவ்வொரு கருவிக்கும் தரும் முகவரி) கொடுத்தால் நெட் தடுமாறும். புதியதில் அந்தக் கடைசி 1-ஐ 5 ஆக்குங்கள்.

புதுப் பெட்டியில் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்தே பெட்டியின் அமைப்பை மாற்றுவது), யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே வெளி வழி திறந்துகொள்வது), டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ சேர்வது) மூன்றையும் அணையுங்கள். டபிள்யூபிஎஸ்ஸின் பின் (PIN) எண் எட்டு இலக்கம்தான், அதையும் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. வைஃபை பெயரை மறைத்து வைப்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது.

விருந்தினர் பக்கம் 'ஏபி ஐசொலேஷன்' இருந்தால் போடுங்கள். ஒருவர் போன் இன்னொருவர் போனைத் தொடாது. இதில் ஒரு சங்கடம். அறையில் இருக்கும் டிவிக்குப் போனிலிருந்து படம் அனுப்ப முடியாமல் போகும். ராத்திரி பத்து மணிக்கு ரிசப்ஷனுக்கு போன் வரும், பையன் பதறிப்போய் ஐசொலேஷனை எடுத்துவிடுவான், அப்புறம் அது அப்படியே கிடக்கும். எடுத்துவிட்டால் நான்காம் அறைக்காரர் ஏழாம் அறை டிவியில் படம் ஓட்டலாம். குடும்பத்தோடு வந்தவர்கள் முன்னால் என்ன படம் ஓடும் என்று உங்களால் சொல்ல முடியாது. டிவியிலேயே ஆப் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், அல்லது அறைக்கொரு எச்டிஎம்ஐ கேபிள் வைத்துவிடுங்கள். ஐசொலேஷனில் கை வைக்க வேண்டாம்.

பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிடவும் கூடாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் யாரோ ஒருவருடைய வைஃபை வழியாகத்தான் போனது. விசாரணை முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. கோடை விழாக் கூட்டம் இறங்கியதும் ஒரு முறை, அப்புறம் மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றி, கியூஆர் அட்டையைப் புதிதாக அச்சடித்து வையுங்கள்.

இனி அந்த கேமராக்காரர். உங்கள் டிவிஆரின் அட்மின் கணக்கு யார் போனில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் போனில்தான் இருக்கும். சர்வீஸுக்கு வசதி என்பார். உங்கள் வரவேற்பறையை அவர் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கணக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றி வாங்குங்கள், அவர் பெயரை நீக்குங்கள், பாஸ்வேர்டுகளைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணம் இருந்தால் இதெல்லாம் முடிந்த பிறகு கொடுங்கள். தூர அறைகளுக்கு ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) விற்கவும் அவர் வருவார். சாதாரண ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். கேட்6 என்ற செம்பு நெட்வொர்க் கேபிள் இழுத்து, அதன் முனையில் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை விடும் பெட்டி) வைப்பதே சரி. நூறு மீட்டர் வரை தாங்கும். தனித்தனிக் கட்டடமாக இருந்தால் மட்டும் நடுவில் ஃபைபர் போடுங்கள். ஏற்காட்டு இடி மின்னலுக்குச் செம்புக் கேபிளின் இரு முனையிலும் பெட்டி போய்விடும்.

ஃபைபர் பெட்டியின் முழு அட்மின் பாஸ்வேர்டைக் கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். மாதா மாதம் காசு கட்டுகிற உங்களுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிடும். லைன்மேன் வந்தாலோ ஒரே அமுக்கில் ரீசெட் செய்துவிட்டுப் போவார், போட்ட அமைப்பெல்லாம் போய்விடும். ஆபீஸ் உங்கள் சொந்தப் பெட்டிக்குள் இருந்தால் அதனால் பாதிப்பில்லை. ஃபைபர் பெட்டியை விருந்தினர் கை படாத இடத்தில் மாட்டுங்கள். அதன் சாதாரண பாஸ்வேர்டு பெரும்பாலும் அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

லைன்மேன் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் இதைச் சோதியுங்கள்: போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, விருந்தினர் வைஃபையில் சேர்ந்து, பிரவுசரில் டிவிஆரின் ஐபி எண்ணை அடியுங்கள். பக்கம் திறக்கக் கூடாது. பிரிண்டர் மட்டும் இன்னும் தெரிந்தால், 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரில் அதுவே தனியாக ஒரு வைஃபை விடுகிறது. பிரிண்டர் செட்டிங்கில் வைஃபை டைரக்டை அணைத்துவிட்டு, யுஎஸ்பி கேபிளில் மாட்டிவிடுங்கள்.