ஓ லெவலில் 18 புள்ளி: ஜேசியா, பாலியா?

அக்கா, சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வில் மகள் ஆறு பாடங்களுக்கு 18 புள்ளி எடுத்திருக்கிறாள், அவள் பாலி (பலதுறைத் தொழிற்கல்லூரி) என்கிறாள், அப்பா ஜேசிதான் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரி) என்கிறார், வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பிள்ளையைப் பாராட்டுங்கள். இதில் புள்ளி குறையக் குறைய நல்லது. ஜேசிக்கு 20 வரை தகுதி உண்டு, அவள் அதற்குள் வந்துவிட்டாள்.

ஆனால் தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு. போன வருடம் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக நுழைந்தவரின் புள்ளியைப் பாருங்கள். பாலிக்குக் கணக்கே வேறு: ஆங்கிலம், படிப்புக்குத் தொடர்புள்ள இரண்டு பாடம், சிறந்த இரண்டு பாடம். மொத்தம் ஐந்துதான், அதனால் பெரும்பாலும் எண் குறையும். இணைப்பாட நடவடிக்கைக்கு 2 புள்ளி வரை கழியும்.

கூட்டுச் சேர்க்கையில், அதாவது ஓ லெவல் முடித்தவர்கள் இந்தக் கல்லூரிகளுக்கு ஒன்றாக விண்ணப்பிக்கும் முறையில், 12 விருப்பங்கள். ஜேசியையும் பாலியையும் ஒரே விண்ணப்பத்தில் கலந்து போடலாம். வரிசையில்தான் விஷயமே இருக்கிறது: மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். அப்பாவின் மனத்துக்காக ஜேசியை முதலில் போடாதீர்கள், படிக்கப் போவது அவள். மூன்று வருட டிப்ளோமா முடித்தும் பல்கலைக்கழகம் போகலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். விண்ணப்பம் சில நாள்தான் திறந்திருக்கும். இன்றிரவே மூவரும் உட்கார்ந்து பேசுங்கள்.