மதுரை வீட்டு முற்றத்துக்கு எந்தப் புல் சரி?
மதுரையில் வீட்டு முன்னால் இருக்கும் காலி இடத்துக்கு எந்தப் புல் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். நாள் முழுக்க வெயில் என்றால் யோசிக்கவே வேண்டாம், அருகம்புல்தான். சித்திரை வெயிலையும் ஓரளவு உப்பான போர்த் தண்ணீரையும் தாங்கும். காய்ந்து பழுத்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். வேப்பமர நிழலில் மட்டும் மெலிந்துபோகும். அங்கே அகல இலை எருமைப்புல் (செயின்ட் அகஸ்டின் புல்) வையுங்கள். கொரியன் புல் அழகுதான், ஆனால் மெதுவாகப் படரும்; பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

எதைப் போட்டாலும் அதற்கு முன் கோரைக் களையை ஒழியுங்கள். மேலே பிடுங்கினால் போதாது, மண்ணுக்குள் கிழங்குகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். தண்ணீர் விட்டு முளைக்கவைத்து, கிழங்கோடு தோண்டி எடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு அப்புறம் புல்லை நடலாம்.