சட்ட அமைப்பைக் கடுமையாக விமர்சிக்கும் விக்டோரியா கால நாவல் எது? அதை இன்றும் படிக்கலாமா?

சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலைத் தயங்காமல் சொல்வேன். 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதத் தொடராக வெளிவந்த இந்நாவலின் நடுவே ஜார்ண்டைஸ் எதிர் ஜார்ண்டைஸ் என்ற உயில் வழக்கு நிற்கிறது. உயில், சொத்து வழக்குகளை விசாரித்துவந்த லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக இழுபடும் அந்த வழக்கு எதைப் பற்றியது என்பதே இப்போது எவருக்கும் விளங்குவதில்லை.

ஆனால் என்னை உலுக்கியது அந்தப் பெரிய வழக்கல்ல. 15ஆம் அத்தியாயத்தில் கிரிட்லி என்ற விவசாயி தன் வாயாலேயே சொல்லும் சிறிய வழக்குதான். பண்ணை தாயின் காலத்துக்குப் பின் கிரிட்லிக்கு, அதிலிருந்து 300 பவுண்டு அவர் சகோதரனுக்கு என்று தந்தை உயில் எழுதிவைக்கிறார். உயிலில் யாருக்கும் தகராறு இல்லை. அந்த 300 பவுண்டில் ஒரு பகுதி ஏற்கெனவே கொடுபட்டுவிட்டதா என்பது மட்டுமே கேள்வி. இதற்குப் பதினேழு பிரதிவாதிகள் சேர்க்கப்படுகிறார்கள். வழக்கு விசாரணைக்கு வரவே இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கிரிட்லி தன் தந்தைக்குப் பிறந்தவர்தானா என்று, ஒருவருமே சந்தேகப்படாத விஷயத்தை விசாரிப்பதில் மேலும் இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. அதன்பின் இன்னொரு பிரதிவாதி விடுபட்டுவிட்டார், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். அதற்குள் ஆன செலவு, வழக்காடும் தொகையைப்போல மூன்று மடங்கு. இவ்வழக்கு உண்மையில் நடந்த ஒன்றைத் தழுவியது என்று டிக்கன்ஸ் முன்னுரையில் எழுதுகிறார்.

கிரிட்லி யாரிடம் போய் முறையிட்டாலும் தனிமனிதர்களைக் குறை சொல்லக்கூடாது, முறை அப்படி என்ற பதிலே கிடைக்கிறது. நாவலின் ஆழமான குற்றச்சாட்டு இதுதான் என்று நினைக்கிறேன். இதில் தலைமை நீதிபதி லஞ்சம் வாங்குவதில்லை. பண்பாகவும் கனிவாகவும்கூடப் பேசுகிறார். ஆயினும் வாய்தாவுக்கு வாய்தா கட்டணம் பெறுகிறவர்கள் அவரைச் சுற்றி இருக்கும்வரை வழக்கை முடித்துவைக்க வேண்டிய அவசியம் எவருக்கும் வருவதில்லை. இறுதியில் புதிய உயில் ஒன்று கிடைத்து ஜார்ண்டைஸ் வழக்குக்கு விடிவு வரும்போது, சொத்து முழுவதையும் வழக்குச் செலவே விழுங்கியிருக்கிறது. தீர்ப்பை நம்பியே வேறு எந்தத் தொழிலிலும் ஊன்றாமல் இளமையைத் தொலைத்த, அவ்வழக்கின் வாரிசுகளில் ஒருவனான ரிச்சர்ட் அன்றே இறந்துபோகிறான்.

டிக்கன்ஸ் இதைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதியவர் அல்லர். பதின்வயதில் வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1844இல் தம் கதையைத் திருடி அச்சிட்டவர்கள்மீது அதே சான்சரியில் வழக்குத் தொடுத்து வென்றார். எதிராளிகள் திவாலாகிவிட, தம் வழக்குச் செலவைத் தாமே சுமந்தார். தொடர் வந்துகொண்டிருந்தபோதே சான்சரியைச் சீர்திருத்தும் சட்டங்கள் பிறந்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் அதனால் கிரிட்லியின் பேச்சு வலுவிழப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

67 அத்தியாயங்கள் கொண்ட பெரிய நாவல் இது. பெயரில்லாத ஒரு குரலும் எஸ்தர் என்ற பெண்ணும் மாறிமாறிக் கதை சொல்வதால் முதல் நூறு பக்கங்கள் குழப்பலாம். பாத்திரங்களின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, கிரிட்லி பேசும் இடம்வரை பொறுமையாகப் படியுங்கள்.