டெல்லியில் அச்சாகும் திருப்பூர்

கேள்வி: நான் திருப்பூர்ப் பெண். நொய்டாவில் வேலை. அப்பா இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை, எடுத்துச் செய்கிறார். அலுவலகத்துக்கு வரும் தேசிய நாளிதழ்களில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. 2023-ல் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கும் ஊர் என்றார்கள். 2025-ல் அமெரிக்க வரியால் மூடப்போகும் ஊர் என்றார்கள். உடன் வேலை செய்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. பத்திரிகை படிப்பதையே நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நொய்டா

பதில்:

அன்புச் சகோதரி,

நிறுத்த வேண்டாம். கோபத்தோடாவது படியுங்கள். உங்கள் பக்கத்து மேசைக்காரருக்குத் திருப்பூரைக் காட்டுவது அந்தத் தாள்தான். அதில் என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் அவருக்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்?

2023 மார்ச் முதல் வாரம் நான் திருப்பூரில் உறவினர் ஒருவரின் பனியன் கம்பெனியில் இருந்தேன். செக்கிங் மேசையில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த பீகார்ப் பையனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொன்னதை அம்மா நம்பவில்லை. கடைசியில் முதலாளியே போனை வாங்கி, பையனையும் அவன் தட்டிலிருந்த சோற்றையும் பருப்பையும் வீடியோவில் காட்டினார். அதன் பிறகுதான் அந்த அம்மா அழுகையை நிறுத்தினார். பீகார்த் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்கள் பொய்யானவை என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு அறிவித்தார். அப்படிச் செய்தி வெளியிட்ட இந்தி நாளிதழான தைனிக் பாஸ்கரின் ஆசிரியர் மீது தமிழ்நாடு காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. பயந்து ஓடுகிறார்கள் என்று சொல்லப்பட்ட, ரயில் நிலையத்தில் கூடியிருந்தவர்களில் பலர் ஹோலிக்கு ஊர் போகிறவர்கள். நடைமேடையில் நின்று பத்துப் பேரிடம் பேசியிருந்தாலே ஒரு நிருபருக்கு அது புரிந்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தமிழ்நாட்டுப் பதிப்பு இல்லாத ஒரு நாளிதழுக்கு இந்த மாநிலம் என்றால் பெரும்பாலும் சென்னையில் இருக்கும் ஓரிருவர்தான். திருப்பூர்ச் செய்தி தொலைபேசி வழியாகவோ செய்தி ஏஜென்சி வழியாகவோ போகும். தலைப்பை டெல்லியில் வைப்பார்கள். வணிகப் பக்கத்தில் இன்னொரு சிக்கல். பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியிட்டாக வேண்டும் என்பதால் அது தானாகவே செய்தியாகிறது. உங்கள் அப்பாவின் இருபது மெஷினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீத வரி அமலுக்கு வந்தபோது எழுதியவர்கள் ஏற்றுமதியாளர்களிடம் கேட்டு எழுதினார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் சும்மா உட்காரும் ஜாப் ஒர்க் யூனிட்டை எத்தனை பேர் தேடிப் போனார்கள்?

அரசியல் வேறு, வியாபாரம் வேறு என்று பக்கம் பிரிப்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. தேசிய நாளிதழ்களில் அது பெரும்பாலும் இலவசங்கள் பற்றிய அரசியல் சண்டையாகவே வந்தது. காலை எட்டு மணிக்கு டிபன் பாத்திரத்தோடு அந்த பஸ்ஸில் ஏறி பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்ணிடம் கேட்டால், மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கே சொல்வார். அந்தக் கணக்கு வணிகப் பக்கத்தில் வர வேண்டியது.

ஆனால் ஒன்று, சகோதரி. வெளியூர்க்காரர் நம் ஊரைக் குறை சொன்னாலே பொய் என்று தள்ளிவிடாதீர்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியது உண்மை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியதும், விவசாயிகள் நீதிமன்றம் ஏறியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உண்மை. அவற்றை எழுதியவர்கள் நமக்கு நல்லதுதான் செய்தார்கள்.

அதனால் பிடிக்காத செய்தி எது, தவறான செய்தி எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தவறு என்றால் தேதி, பக்கம், வரி எல்லாவற்றையும் குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள். நூற்றைம்பது வார்த்தை போதும்; ஊர்ப்பெருமை வேண்டாம், தகவல் மட்டும் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தவறு இல்லை, விடுபட்டிருக்கிறது என்றால் செய்தியை எழுதிய நிருபருக்கே எழுதுங்கள். பல நாளிதழ்கள் நிருபரின் மின்னஞ்சலைத் தருகின்றன. அடுத்த முறை திருப்பூர் வரும்போது அப்பாவின் ஷெட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

எழுதும் முன் அப்பாவிடம் பேசுங்கள். இருபதில் இன்று எத்தனை மெஷின் ஓடுகிறது என்று கேட்டு, அந்த எண்ணைக் கடிதத்தின் முதல் வரியில் போடுங்கள்.