மகளைக் கோடிங் கிளாஸில் சேர்க்கலாமா: நியூ ஜெர்சி எடிசனுக்குப் புதிதாக வந்த சகோதரிக்கு

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. வாடகை, லைசென்ஸ், மளிகை மூன்றையும் எடிசனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மளிகைக்கு ஓக் ட்ரீ ரோடு, வேறென்ன. நான்காவதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஊரில் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய மகள், இங்கே ஏழாம் வகுப்பில் கம்ப்யூட்டர் பீரியடில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொன்னாராம். பக்கத்து அபார்ட்மென்ட்காரர் தன் பையன் போகும் சனிக்கிழமை கோடிங் கிளாஸில் உடனே சேர்க்கச் சொல்கிறாராம்.

அவசரப்படாதீர்கள். அந்த மாதிரி கிளாஸ்கள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் வீட்டு பேஸ்மென்ட். அறை நிறையப் பையன்கள், ஓரத்தில் ஒன்றிரண்டு பெண் பிள்ளைகள். எதிரியைச் சுட்டு வீழ்த்தினால்தான் அடுத்த கணக்கு திரையில் வரும். பின்னால் சுவரோரம் அப்பாக்கள் காபிக் கோப்பையோடு நின்று, யார் பிள்ளை எந்த லெவலில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் ஆட்களுக்கு இது தீராத வியாதி. கிரீன் கார்டு வந்த பிறகும் போகாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அங்கே ஜோயல் கூப்பர் என்று ஒரு சமூக உளவியல் பேராசிரியர். பெண்களும் கம்ப்யூட்டரும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1987இல் அவரும் சார்லஸ் ஹஃப் என்பவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆசிரியர்களிடம், காற்புள்ளி எங்கே போடுவது என்று சொல்லித்தரும் ஒரு மென்பொருளைத் திட்டமிடச் சொன்னார்கள். சிலரிடம் அது பையன்களுக்கு என்றார்கள், சிலரிடம் பெண்களுக்கு என்றார்கள், மீதிப் பேரிடம் வெறுமனே மாணவர்களுக்கு என்றார்கள். பையன்களுக்கென்று யோசித்தவர்கள் விளையாட்டாக்கினார்கள். பெண்களுக்கென்று யோசித்தவர்கள் பாடக் கருவியாக்கினார்கள். 'மாணவர்களுக்கு' என்று யோசித்தவர்கள் தந்தது என்ன? பையன்களுக்கான அதே விளையாட்டுதான். அதாவது, மாணவர் என்றதுமே மனதில் வந்து உட்கார்ந்தது ஒரு பையன். அந்த பேஸ்மென்ட் கிளாஸை நடத்துபவருக்கும் அப்படித்தான். அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதாக நான் சொல்லவில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். 1990இல் வந்த ஆய்வு. ராபின்சன்-ஸ்டேவ்லி என்பவரும் கூப்பரும் கல்லூரி மாணவர்களை 'ஸார்க்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆட வைத்தார்கள். கம்ப்யூட்டர் பழக்கம் குறைந்த பெண்கள், பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தால் தடுமாறினார்கள், பதற்றமும் கூடியது. பழக்கம் குறைந்த ஆண்களுக்கோ ஆள் இருந்தால் நன்றாகவே ஆட வந்தது. தனியாக ஆடும்போது இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை. அப்புறம் 'உனக்கு இது நன்றாக வரும்' என்ற எதிர்பார்ப்பைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆணா பெண்ணா என்பதை விட அந்த எதிர்பார்ப்புதான் முடிவைத் தீர்மானித்தது.

பழைய ஆய்வுதான், இன்றைய பிள்ளைகள் கையில் போனோடு வளர்கிறார்கள் என்பீர்கள். சரி. ஆனால் பின்னால் ஆள் நின்றால் விரல் மரத்துப்போவது எனக்கு நன்றாகத் தெரியும். நான் வந்தபோது எச்4 விசா, கணவரின் வேலை விசாவோடு ஒட்டி வருவது. வேலைக்குப் போகக் கூடாது. எங்களைப் போன்றவர்களில் சிலருக்காவது வேலை அனுமதி 2015இல்தான் வந்தது, அதற்குள் எத்தனை பேர் படிப்பை மறந்தே போனார்கள்! சும்மா இருக்க முடியாமல் ஒரு கல்லூரியில் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். லேபில் இடம் போதாது. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒருவர் தன் முறைக்குக் காத்திருப்பார், சில சமயம் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் திரையில் தப்பைக் காட்டுவார். கடவுச்சொல்லையே இரண்டு முறை தப்பாக அடிப்பேன். அதே ஆள் நான், இரவு பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அதே பயிற்சியை முடித்துவிட்டு அடுத்ததையும் போட்டுப் பார்ப்பேன். இப்போது ஒரு மருந்து கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறேன், என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருபவர்களின் தோளுக்குப் பின்னால் மட்டும் நிற்பதில்லை. ஜனவரிப் பனியில் நானே கார் ஓட்டிப் போகிறேன். ஊரிலிருந்து வந்த மாமியார் இன்னும் நம்பவில்லை.

உங்கள் பெண் வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை. பேச்சு வழக்கு புதிது, சிநேகிதிகள் இல்லை. பள்ளியில் தந்த குரோம்புக் லேப்டாப்பை அவள் அறையில் அவள் இஷ்டத்துக்கு நோண்டட்டும், நீங்கள் எட்டிப் பார்க்காதீர்கள். என்ன செய்தாள் என்று சாப்பிடும்போது கேளுங்கள், அவளே காட்டுவாள். டீச்சரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: குழு வேலையில் அவளுக்குப் பிடித்த ஒரு பெண்ணோடு உட்கார வைக்கட்டும். இங்கே டீச்சருக்கு மின்னஞ்சல் போடுவது தப்பில்லை, நம் ஊர் மாதிரி தயங்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லிவிடுங்கள். மறுபடி கேட்பார், மறுபடியும் அதையே சொல்லுங்கள்.