சம்பளம் அதிகம் தரும் வேலையா, மனதுக்குப் பிடித்த வேலையா? எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவருக்கு வயது 29. கைக்கு மாதம் 80,000 ரூபாய் வருகிறது, பிடித்த வேலைக்குப் போனால் ஆரம்பத்தில் 25,000 கிடைத்தாலே பெரிது, வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

2010 முதல் 2019 வரை சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். இப்போது தஞ்சாவூரில் வீணை பழுது பார்க்கிறேன். முக்கியமாக மேளம் கட்டுகிறேன். கொட்டுகிற மேளம் இல்லை, வீணையில் ஸ்வரத்துக்கு விரல் வைக்கும் மெட்டுகளை மெழுகில் பதிப்பதைத்தான் அப்படிச் சொல்வோம்.

அந்தச் சம்பளத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். தங்கை கல்யாணம் அதில்தான் நடந்தது. அப்பாவுக்கு பைபாஸ் செய்தபோது ஆபீஸ் இன்சூரன்ஸ்தான் பெரும்பகுதியைக் கட்டியது. "மனசு சொல்றதைக் கேளு, காசு தானா வரும்" என்று மேடையில் பேசுபவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். காசு தானாக வராது. ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்றவர்களுக்கு அது தெரியும்.

பெரியப்பாவுக்கு வீணைப் பட்டறை இருந்தது. பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் கிடப்பேன். பண்ருட்டிப் பக்கமிருந்து வரும் பலா மரத்தைக் குடைந்து வீணையின் உருண்டையான குடம் செய்வதையும், நீளமான கழுத்துப் பகுதியான தண்டியின் நுனியில் யாளி முகம் ஏறுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த மஞ்சள் மரத்தூள் வாசனை மனதை விட்டுப் போகவில்லை. ஏழு வருடம் கழித்து ஒரு பொங்கலுக்குப் போனபோது, "வேலையை விட்டுட்டு இங்கேயே வந்துடட்டுமா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"வீணை எல்லாருக்கும்தான்டா பிடிக்கும். உனக்கு மெழுகு பிடிக்குதான்னு முதல்ல பாரு" என்றார்.

அவர் சொன்னது மேளம் கட்டுவதை. வீணையில் தந்திக்கு அடியில் குறுக்கே 24 மெட்டுகள், எல்லாம் உலோகக் கம்பிகள். தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் மூன்றையும் சேர்த்து உருக்கி, தண்டியின் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி எழுப்பி, அதன்மேல் மெட்டுகளைப் பதிக்க வேண்டும். அளவுகோல் வைத்துப் பதிக்க முடியாது, காதால்தான் வைக்க வேண்டும். முதல் தந்தியான சாரணியை ஸட்ஜத்தில், அதாவது 'ஸ'வில் கூட்டிக்கொண்டு, பன்னிரண்டாவது மெட்டில் மேல் ஸட்ஜம் பேசுகிறதா, ஏழாவதில் பஞ்சமம், அதாவது 'ப' சேருகிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒரு மயிரிழை தள்ளி, மறுபடி மீட்டி, மறுபடி தள்ளி... ஒரு மெட்டு கொஞ்சம் உயர்ந்தாலும் அதற்கு முந்தைய மெட்டில் தந்தி இரையும். அதைச் சரி செய்தால் பக்கத்து மெட்டு கெடும். முதலில் பழைய மெழுகைச் சுரண்டி எடுப்பதற்கே பாதி நாள் போய்விடும். நகக்கண் எல்லாம் கறுப்பு.

இரண்டு வருடம், மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமையாவது தாம்பரத்தில் தஞ்சாவூர் போகும் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். சனியும் ஞாயிறும் பட்டறை, திங்கள் காலை ஆபீஸ். முதல் ஆறு மாதம் சுரண்டல் மட்டும்தான். முதன்முதலாக நானே தனியாக மேளம் கட்டிய வீணையை அதன் சொந்தக்காரர் மே மாத வெயிலில் மூடிய காரில் விட்டுவிட்டார். மெழுகு இளகி மெட்டெல்லாம் சரிந்துவிட்டது. காரில் விடக்கூடாது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். காசு வாங்காமல் மறுபடி கட்டிக் கொடுத்தேன். அந்த இரண்டாவது தடவை பழைய மெழுகைச் சுரண்டும்போது அலுப்பே இல்லை. இந்த முறை ஏழாவது மெட்டு இன்னும் நன்றாக உட்காரும் என்று ஆசையாக இருந்தது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

முடிவெடுத்த அன்றே விடவில்லை. தங்கை கல்யாணக் கடனின் கடைசி தவணை 2019 ஜனவரியில் முடிந்தது. அதுவரை காத்திருந்தேன். ஆபீஸ் இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தனிப் பாலிசியில் வருடக்கணக்கில் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். அதனால் இரண்டு வருடம் முன்பே வீட்டில் எல்லோருக்கும் பாலிசி எடுத்து, இரண்டுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்ததால், வேலையை விடும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டி வந்தது. பி.எஃப். பணத்தைத் தொடவில்லை. அடிப்படைச் சம்பளத்தில் என் பங்காக 12 சதவீதம் பிடித்து, நிறுவனமும் தன் பங்கைப் போட்டுக்கொண்டிருந்தது இனிமேல் நடக்காது. அதற்காக, நாமே பணம் போட்டுச் சேமிக்கும் பி.பி.எஃப். கணக்கு ஒன்று தொடங்கினேன். வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சொந்தத் தொழில் என்றால் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள். பதினெட்டு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்தேன். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "பாப்பா ஃபீஸுக்குத் தனி அக்கவுன்ட். அதிலேர்ந்து மெழுகு வாங்கக் கூடாது." இன்றுவரை வாங்கவில்லை.

ஏப்ரலில் விட்டேன். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கச்சேரி இல்லை, வகுப்பெல்லாம் போனுக்குள் போய்விட்டது. ஐந்து மாதம் பட்டறைக்கு ஒரு வீணைகூட வரவில்லை. ஒதுக்கி வைத்த பணம் கரைவதை ஒவ்வொரு மாதமும் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். அந்தப் பணம் மட்டும் இல்லாதிருந்தால் மறுபடி சோழிங்கநல்லூருக்குத்தான் போயிருப்பேன், அதைத் தோல்வி என்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

என்னோடு ஒரே டீமில் இருந்த நண்பன் ஒருவனுக்குப் பறவைப் படம் எடுப்பதென்றால் உயிர். எனக்கு முன்பே அவன் வேலையை விட்டான். பறவைப் படத்தை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? கல்யாணப் படம் எடுக்கப் போனான். முகூர்த்த நாளெல்லாம் மண்டபத்தில், மீதி நாள் ஆல்பம் டிசைனில் போனது. இரண்டு வருடத்தில் கேமராவைத் தொடவே வெறுப்பாக இருக்கிறது என்றான். திரும்ப வேலைக்குச் சேர்ந்தான். இப்போது ஞாயிறு விடியற்காலை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் நிற்கிறான், பூநாரை வந்தால் எனக்குப் படம் அனுப்புகிறான். அவன் எடுத்த முடிவு என்னுடையதைவிடச் சரியானது என்றுகூடச் சில நாள் தோன்றும். அவனுக்குப் பிடித்தது பறவை. அதில் வாடிக்கையாளர் என்று ஒருவர் இருக்கவே முடியாது.

இப்போது என் வருமானம் பழைய சம்பளத்தில் பாதியைத் தொடுகிறது, அதுவும் எல்லா மாதமும் இல்லை. சரஸ்வதி பூஜைக்கு முன்னாலும் மார்கழிக்கு முன்னாலும் தூங்க நேரமிருக்காது. கோடையில் கை சும்மா இருக்கும். மகளுக்கு நாங்கள் முதலில் நினைத்த பள்ளி இல்லை. அது இன்னும் உறுத்துகிறது. அப்பா ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெரியப்பா போன வருடம் காலமானார். அவருடைய மெழுகுச் சட்டி என்னிடம் இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த வேலை எது என்று நீங்கள் எழுதவில்லை. கமென்டில் சொல்லுங்கள். மாதத் தவணை எவ்வளவு, உங்களை நம்பி எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். அந்த வேலையில் மெழுகு சுரண்டுவது மாதிரியான பகுதி எது, அதை ஒரு மாதமாவது செய்து பார்த்திருக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.