கேசினோத் தடை வாங்கியவரிடம் வீட்டுப் போக்கரில் ஜெயிக்கலாமா?

கேசினோவுக்குள் தன்னை விடக்கூடாது என்று தானே தடை வாங்கியவர் உங்கள் வீட்டுப் போக்கருக்கு வந்து தோற்கிறார், அவரிடம் ஜெயிப்பது தப்பா என்றால்: தப்புதான், நிறுத்துங்கள். சிங்கப்பூரில் ஒருவர் தனக்குத்தானே கேசினோத் தடை வாங்கியிருக்கிறார் என்றால், தன்னால் கட்டுப்படுத்த முடியவில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரிதான். வாராவாரம் உங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து "என் காசு, என் இஷ்டம்" என்று அவர் சொல்வதை அதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்கு இது குழப்பமாக இருக்க ஒரு காரணம் இருக்கலாம்: வீட்டு ஆட்டத்தில் வெளியிலிருந்து பணம் வருவதில்லை, நீங்கள் ஜெயிப்பது யாரோ தோற்பது, அந்த யாரோ பெரும்பாலும் அவர்தான். அவர் வந்த இரவுகளைக் கழித்துவிட்டு உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மிச்சம் ஒன்றுமில்லை என்றால், திறமை என்று நீங்கள் நினைத்தது அவருடைய நோய்.

அப்புறம், ஜெயித்ததை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அது நேராக அடுத்த மேசைக்குப் போகும். கூப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தனியாகப் பேசுங்கள், 1800-6-668-668 என்ற சூதாட்ட உதவி எண்ணைக் கொடுங்கள்.

ஒன்று, தோற்பவர் எல்லாரும் சூதாட்டத்துக்கு அடிமை இல்லை. மாதம் 200 வெள்ளி விட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவரிடம் தாராளமாக ஜெயியுங்கள். கடன் வாங்கி ஆடுவது, வீட்டில் மறைப்பது, விட்டதைப் பிடிக்க விடியும்வரை எழுந்திருக்காதது, இவைதான் அடையாளம். (ஆட்டத்தில் யாராவது கமிஷன் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள், எடுத்தால் அது 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நண்பர்கள் ஆட்டமே இல்லை, அது வேறு தலைவலி.)